உதிரிப் பாகமும் உதிரும் வேலையும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து, கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்த நேரம். சாக்கனில் ஒரு வாகன உதிரிப் பாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போய், கைப்பேசியில் வந்திருந்த ஒரு கடிதத்தைக் காட்டினார். "மாமா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. 21 நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம். கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?"

கடிதத்தில் 'மறுசீரமைப்பு' என்ற சொல் நான்கு இடங்களில் இருந்தது. 'வேலை நீக்கம்' என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. 'விருப்ப ஓய்வு', 'நிறுவனத்தின் நன்றி' என்றெல்லாம் இருந்தன. எனக்கு அந்தக் கடிதம் புதிதல்ல. அதே மாதிரிக் கடிதத்தை 2001-இல் மற்றவர்களுக்காகத் தயாரிக்க உதவியவன் நான். 2004-இல் அதே கடிதம் என் மேசைக்கும் வந்தது. மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, அந்தத் தம்பியிடம் அன்றைக்கு அவசரத்தில் சொல்லாமல் விட்டதையெல்லாம் எழுதிவிடலாம் என்று தோன்றியது. நம் குடும்பங்களில் பிம்ப்ரி, சிஞ்ச்வாட், போசரி, சாக்கன், தளேகாவ் பக்கம் வேலைக்குப் போகாத வீடு அநேகமாக இல்லை. ஆகவே இது எல்லோருக்கும் பொதுவான விஷயம்தான்.

நாங்கள் செய்த பொருள்

கோவையில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு 1982-இல் இந்த ஊருக்கு வந்தேன். அப்போது எனக்கு வயது 21. டெல்கோவும் பஜாஜும் இங்கே வேர் பிடித்து விட்டிருந்தன. பெரிய ஆலமரத்தைச் சுற்றிச் சின்னச் செடிகள் முளைப்பது போல, எம்.ஐ.டி.சி. மனைகளில் நூற்றுக்கணக்கான சிறிய, நடுத்தர ஆலைகள். அப்படி ஒன்றில்தான் எனக்கு வேலை கிடைத்தது. நாங்கள் காரும் செய்யவில்லை, காருக்கான கார்புரேட்டரும் செய்யவில்லை. அந்தக் கார்புரேட்டருக்கு உள்ளே போகும் பித்தளை ஜெட், ஊசி வால்வு போன்ற சின்னச் சின்னப் பாகங்களைச் செய்தோம்.

கார்புரேட்டர் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது, அந்தக் காற்று ஒரு குறுகலான கழுத்து வழியே வேகமாகப் போகும். அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைவினால் பெட்ரோல் மேலே இழுக்கப்பட்டுக் காற்றோடு கலக்கும். எவ்வளவு பெட்ரோல் வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஜெட்டில் உள்ள துளை. தலைமுடி அளவு துளை பெரிதானாலும் வண்டி புகை கக்கும், மைலேஜ் போகும். அதனால் ஜெட் துளைக்கும் ஆளுக்கு எங்கள் ஆலையில் தனி மரியாதை. கையில் எடுத்துப் பார்த்தே 'இது தேறாது' என்று ஒதுக்குகிற கண் சிலருக்கு இருந்தது.

பாகம் செத்த கதை

அந்த மரியாதைக்கு ஆபத்து எங்கள் ஆலைக்குள்ளிருந்து வரவில்லை. டில்லியின் காற்றிலிருந்து வந்தது.

1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. புகைபோக்கியில் பொருத்தும் அந்தக் கருவி நன்றாக வேலை செய்ய, காற்றும் பெட்ரோலும் மிகத் துல்லியமான விகிதத்தில் கலக்க வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. ஒரே அளவுத் துளையுள்ள ஜெட்டால் எல்லா வேகத்திலும் அந்த விகிதத்தைக் காப்பாற்ற முடியாது. பிறகு 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதிக்கு ஐரோப்பிய மாசு விதிகளை விரைவுபடுத்தி ஆணையிட்டது: முதல் கட்டம் அந்த ஆண்டு ஜூன் முதல், இரண்டாம் கட்டம் 2000 ஏப்ரல் முதல். கார் கம்பெனிகள் எம்.பி.எஃப்.ஐ. என்ற மின்னணு எரிபொருள் செலுத்தும் முறைக்கு மாறின. மாருதி 800-கூட 2000-இல் மாறிவிட்டது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் புதிய கார்களில் கார்புரேட்டர் என்பதே அருகிப் போயிற்று.

மாசு குறைய வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. என் பிள்ளைகளும் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தார்கள். ஆனால் ஒரு நல்ல சட்டம் வரும்போதுகூட, அதன் விலையை எங்கோ ஒரு ஆலையில் ஜெட் துளைக்கிறவன் கொடுக்கிறான் என்பதை நான் அப்போதுதான் கண்டேன். அவன் வேலையில் ஒரு குறையும் இல்லை. அவன் செய்த பாகத்துக்குத்தான் ஆயுள் முடிந்துவிட்டது.

உபரி எப்படிக் கணக்கிடப்படுகிறது?

நான் இருந்தது ஐ.ஈ. பிரிவில். கையில் ஸ்டாப் வாட்ச். எந்த வேலைக்கு எத்தனை நிமிடம், எத்தனை ஆள் என்று கணக்குப் போடுவதே என் வேலை. 2001-இல் மேலிடம் என்னைக் கூப்பிட்டு, "ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் போதும் என்று ஒரு வாரத்தில் சொல்லுங்கள்" என்றது.

கணக்கு மிக எளிது. ஒரு ஷிஃப்ட் 480 நிமிடம். சாப்பாடு, தேநீர், கருவி மாற்றும் நேரம் போக 400 நிமிடம் வேலை நேரம். ஒரு ஜெட்டுக்குத் துளையிட்டு, ரீமர் ஓட்டி, அளவு பார்த்து முடிக்க ஒன்றரை நிமிடம். நாளுக்கு 8,000 ஜெட் தேவைப்பட்ட காலத்தில் 12,000 நிமிடம்; அதை 400-ஆல் வகுத்தால் 30 பேர். தேவை 2,400 ஆகக் குறைந்தபோது 3,600 நிமிடம், 9 பேர். ஆக 21 பேர் உபரி. பென்சிலால் எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த 21 என்ற எண்ணுக்குள் யார் யார் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிடத்தில் குடியிருந்த சாதாரா மாவட்டத்துக்காரர், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்துவிட்டுப் போனவர், நம் சங்கத்துக் கார்த்திகை விளக்கு விழாவில் பந்தல் கட்டுகிறவர். கணக்கில் தவறு இருக்கிறதா என்று மூன்று முறை சரிபார்த்தேன். தவறே இல்லை. அதுதான் வேதனை.

அனுப்பும் மூன்று வழிகள்

ஆட்களைக் குறைக்கும் நிறுவனம் வழக்கமாக மூன்று படிகளில் இறங்கும். முதலில் ஒப்பந்தத் தொழிலாளர்களை நிறுத்தும். இரண்டாவது, நிரந்தரத் தொழிலாளர்களுக்கு வி.ஆர்.எஸ். அறிவிக்கும். மூன்றாவது, சட்டப்படியான ஆட்குறைப்பு. மூன்றாவது வரை பெரும்பாலும் போவதில்லை. காரணம் சட்டத்தில் இருக்கிறது.

1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1976-இல் ஒரு புதிய பகுதி சேர்க்கப்பட்டது. 300 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் ஆட்குறைக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது அது. பின்னர் 1984 முதல் அந்த வரம்பு 100 ஆனது. அனுமதி கேட்டால் தொழிற்சங்கத்தையும் விசாரிப்பார்கள், நாளாகும், பத்திரிகையில் வரும். ஆனால் தொழிலாளி தானே விரும்பி விலகினால் அது சட்டத்தின் பார்வையில் ஆட்குறைப்பே இல்லை. ஆகவேதான் எல்லோரும் 'விருப்ப'த்தை விரும்பினார்கள்.

எங்கள் ஆலையில் ஒவ்வோர் ஆண்டு சேவைக்கும் 45 நாள் சம்பளம் என்று அறிவித்தார்கள். சட்டப்படியான இழப்பீடு 15 நாள்தான். ஆகவே மூன்று மடங்கு. மாதம் 6,000 ரூபாய் வாங்கியவர், 18 ஆண்டு சேவை என்றால் 1,62,000 ரூபாய். அவ்வளவு பணத்தை அவர்களில் பலர் மொத்தமாகப் பார்த்ததே இல்லை. வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். நானே இந்தக் கணக்கை அன்றைக்கு அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை: 1,62,000 என்பது 27 மாதச் சம்பளம். 42 வயதுக்காரருக்கு 58 வயது வரை இன்னும் 192 மாதம் இருக்கிறது. மீதி 165 மாதத்துக்கு வழி என்ன என்பதுதான் அந்தக் கடிதம் கேட்கும் உண்மையான கேள்வி.

பணம் எங்கே போயிற்று என்பதையும் பார்த்தேன். ஒருவர் டெம்போ வாங்கினார். அவர் ஓட்டுநர் அல்ல, மெஷின்காரர், ஓராண்டில் விற்றார். சிலர் கல்யாணக் கடனை அடைத்தார்கள். சீட்டுக் கம்பெனியில் போட்டவர்களும் உண்டு. தப்பியவர்கள் யாரென்றால், பணத்தைத் தொடாமல் வங்கியில் போட்டுவிட்டு மறு வாரமே போசரியில் ஏதோ ஒரு பட்டறையில் குறைந்த சம்பளத்துக்கு நின்றவர்கள்தான்.

கணக்கில் வராதவர்கள்

முதல் படியைப் பற்றி மேலே ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்தேன். அன்றைக்கும் அப்படித்தான் கடந்தேன். இப்போது அதைச் சொல்ல வேண்டும.

1995 வாக்கில் கோவில்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவனை நான்தான் அந்த ஆலையில் ஒப்பந்தக்காரர் மூலம் சேர்த்துவிட்டேன். அவன் அப்பா நாகர்கோவில் ரயிலில் அழைத்துவந்து, "தம்பி, ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிப் போனார். ஜெட்டுகளைக் கழுவுவது, பிசிறு எடுப்பது, எண்ணிப் பொட்டலம் கட்டுவது என்று ஆரம்பித்தான். இரண்டே ஆண்டில் துளையிடும் மெஷினும் கற்றுக்கொண்டான். நிரந்தர ஆள் லீவு போட்டால் அவன்தான் நிற்பான். ஆறு ஆண்டுகள் வேலை. 2001-இல் ஒரு சனிக்கிழமை மாலை, "திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்" என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். நோட்டீஸ் இல்லை, இழப்பீடு இல்லை. பி.எஃப். எண்கூட அவனிடம் இல்லை.

அன்று இரவு என் வீட்டுக்கு வந்து கேட்டான்: "அண்ணாச்சி, நீங்க போட்ட கணக்குல நானும் இருந்தேனா?"

இல்லை என்றேன். உண்மையில் அவன் எந்தக் கணக்கிலும் இல்லை. நிரந்தரத் தொழிலாளர் 'ஆள் பலம்' என்ற தலைப்பில் வருவார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களின் கூலி எங்கள் ஆலையில் கொள்முதல் பிரிவின் செலவில் வந்தது. எண்ணெய், துணிக்கழிவு, அட்டைப்பெட்டி இவற்றோடு. அவனை உபரி என்று சொல்லக்கூட அந்தக் காகிதத்தில் இடம் இல்லை. நான் அதைச் சொன்னபோது அவன் ஒன்றும் பேசவில்லை. என் மனைவி தோசை வார்த்து வைத்தாள், சாப்பிடாமல் போய்விட்டான்.

அதே 2001 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றம், ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் அந்தத் தொழிலாளர்கள் தானாகவே நிரந்தரம் ஆகிவிட மாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் வெறும் பொய் வேடம் என்று வழக்கு நடத்தி நிரூபித்தால் மட்டுமே வழி. கோவில்பட்டிப் பையன் புனேயில் வழக்கு நடத்துவதாவது!

என் முறை

2004-இல் இன்ஜெக்ஷன் முறைக்கான பாகங்களை சி.என்.சி. மெஷின்களில் செய்வது என்று ஆலை முடிவெடுத்தது. பழைய மெஷின்கள் போனபின் அவற்றுக்கு ஸ்டாப் வாட்ச் பிடிக்கிறவன் எதற்கு? எனக்கும் கடிதம் வந்தது. சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். மேற்பார்வை வேலையில் இருந்து மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர் அந்தச் சட்டப்படி 'தொழிலாளி' அல்ல. ஆகவே முன் அனுமதியும் இல்லை, தொழிற்சங்கமும் இல்லை. மற்றவர்களுக்கு இருந்த வேலி எனக்கு இல்லை என்பது 22 ஆண்டு வேலை பார்த்தபின் தெரிந்தது. அந்த வரம்பு 2010-இல் 10,000 ரூபாயாகி, இப்போதைய சட்டத்தில் 18,000 ரூபாய். இன்றைய சம்பளத்தில் சூப்பர்வைசர் யாரும் அதற்குள் வரமாட்டார். டிப்ளமா, இன்ஜினியரிங் படித்த நம் பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மகள் அப்போது பத்தாம் வகுப்பு. கோவைக்குத் திரும்பலாமா என்ற பேச்சு வந்தது. "அவ மராட்டியும் இந்தியும் படிச்சவ, அங்க போய் இப்ப தமிழ் மீடியத்துல உக்காரச் சொல்றீங்களா?" என்றாள் மனைவி. வெளிமாநிலத்தில் வேலை போனால் நமக்குள்ள கூடுதல் சங்கடம் இதுதான். சொந்த ஊரில் வேலை போனால் வேலை மட்டும் போகும். இங்கே, ஊரில் இருப்பதற்கான காரணமே போய்விடும். நாங்கள் தங்கினோம். போசரியில் ஒரு பட்டறையில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தேன்.

கடிதம் வந்தால் பார்க்க வேண்டியவை

இனி அந்தத் தம்பிக்குச் சொல்ல நினைத்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். கொடுத்திருக்கும் கெடு முழுவதையும் பயன்படுத்துங்கள். 'விருப்பம்' என்று எழுதிக் கையெழுத்திட்டபின் அது கட்டாயம் என்று நிரூபிப்பது மிகக் கடினம்.

இரண்டாவது, கிராஜுவிட்டி தனி, வி.ஆர்.எஸ். தொகை தனி. இரண்டையும் ஒரே எண்ணாகக் காட்டினால் பிரித்துக் கேளுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். என் கணக்கு: 13,000 ரூபாய், 22 ஆண்டு; 1,65,000. சட்டப்படியான உச்சவரம்பு 2018 முதல் 20 லட்சம். குறித்த காலப் பணியில் இருப்பவர்களுக்கு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டப்படி ஓராண்டு சேவையிலேயே கிராஜுவிட்டி உரிமை உண்டு.

மூன்றாவது, பி.எஃப். பணத்தை எடுத்தாலும் ஓய்வூதியக் கணக்கை உடைக்காதீர்கள். 10 ஆண்டு சேவை இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. அதற்குக் குறைவாக இருந்தால் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வேலையின் சேவையோடு சேர்க்கலாம்.

நான்காவது, வி.ஆர்.எஸ். தொகைக்கு நிபந்தனைகளோடு 5 லட்சம் வரை வருமான வரி விலக்கு உண்டு. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். சேவைச் சான்றிதழில் நீங்கள் ஓட்டிய மெஷின்களின் பெயரை எழுதச் சொல்லி வாங்குங்கள். அடுத்த வேலை அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

ஐந்தாவது, புதிய சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் அதே 2025 நவம்பர் 21-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அரசின் முன் அனுமதி இனி 300 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளுக்கு மட்டுமே. உதிரிப் பாக ஆலைகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். அங்கே ஒரு மாத நோட்டீஸும் ஆண்டுக்கு 15 நாள் சம்பளமும்தான். புதிதாக ஒன்று உண்டு: ஆட்குறைக்கப்பட்ட ஒவ்வொரு தொழிலாளிக்கும் மறுபயிற்சிக்காக அவருடைய 15 நாள் சம்பளத்தை முதலாளி நிதியில் கட்ட வேண்டும், 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். கேட்காதவருக்குக் கிடைக்காது, கேளுங்கள்.

அடுத்த ஜெட் எது?

கார்புரேட்டருக்கு நேர்ந்தது கடைசிக் கதை அல்ல. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்து இருசக்கர வாகனங்களிலும் அதை ஏறத்தாழ முடித்துவிட்டது. இப்போது மின்சாரக் கார். அதில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, சைலன்சர் இல்லை, பெட்ரோல் பம்ப் இல்லை, கிளட்ச் இல்லை. ஆனால் பிரேக், சீட், விளக்கு, சஸ்பென்ஷன், டயர், கண்ணாடி எல்லாம் இருக்கும். உங்கள் வீட்டில் யாராவது உதிரிப் பாக ஆலையில் இருந்தால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, "நீ செய்யறது எந்தப் பாகம்? அது மின்சாரக் காருக்கு வேணுமா?" என்றும் கேளுங்கள்.

பாகம் நிலைத்தாலும் ஆலை நிலைக்கும் என்பதில்லை. நம் கண்ணெதிரே ஆக்குர்டியில் பஜாஜ் 2007-இல் உற்பத்தியை நிறுத்தியது. அதே ஆண்டில் வரிச்சலுகை உள்ள உத்தராகண்டின் பந்த்நகரில் அதன் புதிய ஆலை தொடங்கியிருந்தது. தளேகாவில் 2008-இல் திறந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2020 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. 2023-இல் அதை வாங்க ஹூண்டாய் ஒப்பந்தம் செய்தது. ஷெட்டுக்கு மறுவாழ்வு கிடைத்தது; பழைய ஆட்கள் நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

அந்தக் கோவில்பட்டிப் பையன் நான்கு ஆண்டுகள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் ஐயப்பன் கோயிலில் பார்த்தோம். போசரியில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். "துளை போடக் கத்துக்கிட்டது வீண் போகல அண்ணாச்சி" என்றான். இன்று அதே பட்டறையில் அவன்தான் மேஸ்திரி. அவன் கீழே ஆறு பேர். ஆறு பேருக்கும் பி.எஃப். எண் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை தானே சரிபார்ப்பதாகச் சொன்னான். அவன் பிழைத்தது அவன் கைத்திறமையால். நான் செய்த உதவி அதில் ஒன்றுமில்லை.

நாம் ஊரிலிருந்து பிள்ளைகளை அழைத்துவந்து வேலையில் சேர்த்துவிடுகிறோம். பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சேர்த்துவிடுகிறவர் அத்தோடு நிற்காமல், நியமனக் கடிதம், பி.எஃப். எண், சம்பளச் சீட்டு மூன்றும் அவன் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சங்கமும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற தொழிலாளர் அலுவலர், தொழிற்சங்கத்தில் இருந்தவர், கணக்காளர் என்று இரண்டு மூன்று பேரை உட்கார வைத்து, கடிதத்தோடு வருகிறவர்களுக்கு விளக்கம் சொன்னால் நன்றாக இருக்கும். பந்தி ஓரத்தில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமல்ல இது. முதல் ஞாயிறுக்கு நான் வருகிறேன்.